"கேஸ் போச்சு சார்!" - ஏ.சி. கழுவ வந்தவர் சொன்னதும் தலையாட்டலாமா?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் சென்னையில் பல வீடுகளில் ராத்திரி 11 மணிக்கு மேல்தான் சண்டை ஆரம்பமாகிறது.

"ஏங்க, ஏ.சி.யில காத்துதான் வருது. குளிரே வரலையே!"

"18-ல வச்சுப் பாரு."

"16-லதாங்க இருக்கு!"

கணவர் எழுந்து, நாற்காலி போட்டு ஏறி, மிஷின் வாயில் கையை வைத்துப் பார்க்கிறார். வெறும் காற்று. குழந்தை வியர்த்து வழிந்து சிணுங்குகிறது. கடைசியில் குடும்பமே ஹாலுக்கு வந்து ஃபேனுக்குக் கீழே பாய் விரிக்கிறது.

விடிந்ததும் மெக்கானிக்குக்குப் போன். மே மாதத்தில் அவர் கூப்பிட்ட அன்றைக்கே வந்துவிட்டால் அது அதிர்ஷ்டம். மூன்றாம் நாள் வருகிறார். வரும்போதே அவசரம். அன்று போக வேண்டிய இன்னும் ஏழெட்டு வீடுகள் அவர் போனில் காத்திருக்கின்றன. நேராக வெளியே இருக்கும் மிஷினிடம் போகிறார். பிரஷர் கேஜை மாட்டுகிறார். முள்ளைப் பார்க்கிறார். தீர்ப்பு வந்துவிடுகிறது.

"கேஸ் போச்சு சார்!"

சாரும் தலையாட்டிவிடுகிறார். வேறென்ன செய்வார்? கேஜில் முள் எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்கு என்ன தெரியும்? சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குச் சில ஆயிரம் பில் ஆகிறது. அடுத்த வருடம் அதே கத்திரி. அதே மெக்கானிக். அதே வசனம்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. மயிலாப்பூரிலிருந்து மாதவரம் வரை, ஏ.சி. இருக்கும் தெருவில் எல்லாம் கேட்கிற கதைதான். அதற்காக மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுப் பேர்வழிகள் என்று சொல்லிவிட முடியாது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் இதே தொழிலைப் படித்து, தேறி, நாணயமாக வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிலர் தெரிந்தே சொல்கிறார்கள். சிலர் தெரியாமலே சொல்கிறார்கள். பணம் போகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்!

பெட்ரோல் அல்ல

முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ.சி.யில் இருக்கும் கேஸ், ஸ்கூட்டரில் ஊற்றும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்து போகிற சாமான் அல்ல. அடுப்பு சிலிண்டர் மாதிரி எரிந்து போவதும் அல்ல.

அது மூடிய செம்புக் குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. வீட்டுக்குள் இருக்கும் காயிலில் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெளியே இருக்கும் காயிலுக்குப் போய் அந்தச் சூட்டைக் கொட்டுகிறது. திரும்ப உள்ளே வருகிறது. இந்த நடைதான் வருடக்கணக்கில் நடக்கிறது. வீடுகளில் சாதாரணமாக மாட்டும் ஒன்றரை டன் ஆர்-32 மிஷின்களில் இருக்கும் கேஸ் பெரும்பாலும் ஒரு கிலோகூட இருக்காது. குழாயில் ஓட்டை இல்லாவிட்டால் அந்த ஒரு கிலோவும் அப்படியே இருக்கும். மிஷினுக்கு வயதாகி, காயலான் கடைக்குப் போகும் நாளிலும் இருக்கும்.

ஆகவே "கேஸ் போச்சு" என்றால், எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைக் காட்டாமல் கேஸ் மட்டும் அடைப்பது, பஞ்சரான டியூபுக்குக் காற்றடிக்கிற கதைதான்.

"வருஷா வருஷம் கொஞ்சம் கேஸ் டாப்-அப் பண்ணணும் சார், அதுதான் வழக்கம்" என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி ஒரு வழக்கம் கிடையாது!

முள் ஏன் இறங்கியது?

"கேஜில் முள் கீழேதானே நின்றது? நானே கண்ணால் பார்த்தேனே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

சூட்சுமமே இங்குதான் இருக்கிறது. உள்ளே இருக்கும் காயிலில் தூசி அப்பியிருந்தால், அறைக் காற்று அதன் வழியாகச் சரியாகப் போகாது. காற்று போகாவிட்டால் கேஸுக்கு வாங்கிக்கொள்ளச் சூடு கிடைக்காது. சூடு கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்து அழுத்தம் தானாகவே இறங்கிவிடும். முள்ளும் இறங்கிவிடும். கேஸ் ஒரு சொட்டுக்கூடக் குறைந்திருக்காது.

காயிலில் ஐஸ் கட்டுவதும் இப்படித்தான். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும். ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் ஐஸ் கட்டும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். 10 பைசா செலவில்லாமல் ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் காட்டினாலே தீர்ந்துபோகிற வியாதிக்கு, ஆயிரக்கணக்கில் மருந்து வாங்கும் கூத்து இதனால்தான் நடக்கிறது.

இன்வர்ட்டர் மிஷின் என்றால் இன்னும் சிக்கல். அதில் கம்ப்ரஸர் தேவைக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டும், குறைக்கும். கேஜ் முள்ளும் அதோடு சேர்ந்து ஆடும். ஒரு நிமிடம் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. அழுக்கு மிஷினில் முள்ளை மேலே ஏற்றுவதற்காகக் கேஸை அடைத்துவிட்டுப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு மாதம் கழித்து வேறொருவர் வந்து காயிலைச் சுத்தமாகக் கழுவிவிடுகிறார். இப்போது உள்ளே இருப்பது தேவைக்கு அதிகமான கேஸ்! கம்ப்ரஸர் திணறும். கரண்டை இழுக்கும். மிஷினிலேயே விலை உயர்ந்த உறுப்பு அதுதான். அதற்குத்தான் ஆயுள் குறையும்.

அதனால் வரிசை மாறக்கூடாது. முதலில் கழுவ வேண்டும். அப்புறம் ஓடவிட வேண்டும். அதற்கு மேலும் குளிரவில்லை என்றால்தான் கேஜ்.

பக்கெட்டில் கறுப்புத் தண்ணீர்

நன்றாகக் கழுவும் மெக்கானிக் வேலை பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வெளியே வரும் தண்ணீர் முதலில் சாக்கடைத் தண்ணீர் மாதிரி கறுப்பாக இருக்கும். "இவ்வளவு நாளும் இதன் வழியாக வந்த காற்றையா சுவாசித்தோம்?" என்று வீட்டம்மாவுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

இந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது? தெருவில் ரோடு தோண்டினால் அந்தப் புழுதி. சமையல் கட்டுத் தாளிப்புப் புகையில் வரும் எண்ணெய்ப் பசை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி. தினசரி ஊதுவத்தி. கொசுவத்தி. குழந்தைக்கு அப்பும் பவுடர். தலைமுடி, மெத்தைப் பஞ்சு. எண்ணெய்ப் பசையின் மேல் தூசி விழுந்தால் அது துடைத்தால் போகாது, கெட்டியாக அப்பிக்கொள்ளும். காயிலோ எப்போதும் ஈரம். ஈரமும் அழுக்கும் இருட்டும் சேர்ந்த இடத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மிஷினைப் போட்டதும் முதல் இரண்டு நிமிடம் ஊறல் துணி மாதிரி ஒரு நாற்றம் அடிக்கிறதே, அது இந்தப் பூஞ்சையின் கைங்கரியம்தான். ஆஸ்துமா, தும்மல் தொல்லை உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

ஃபில்டர் கழுவுவதற்கு மெக்கானிக் தேவையில்லை. வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வீட்டில் இருப்பவர்களே முன்மூடியைத் தூக்கி, சல்லடையை உருவி, பைப் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டிவிடலாம். வெயிலில் காயவைத்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் விடுவதால்தான் பாதி வீடுகளில் மெக்கானிக்குக்கு வேலையே வருகிறது.

ஆனால் ஃபில்டருக்குப் பின்னால் இருப்பது அவர் வேலை. அதை எப்படிச் செய்ய வேண்டும்?

முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். ரிமோட்டில் அணைத்தால் போதாது. மிஷினைச் சுற்றிப் பிளாஸ்டிக் பை கட்டி, அதன் வால் பக்கெட்டுக்குள் விழும்படி செய்ய வேண்டும். பை இல்லாமல் வருகிறவர் சுவரையும் மெத்தையையும் நனைக்காமல் போகமாட்டார்! எலெக்ட்ரானிக் போர்டு இருக்கும் பக்கத்தைத் தண்ணீர் படாமல் மூட வேண்டும். இது மிக முக்கியம். போர்டில் தண்ணீர் பட்டுப் போனால் கழுவிய கூலியைப் போலப் பல மடங்கு செலவு.

பிறகு காயில். அதில் இருக்கும் அலுமினியத் தகடுகள் காகிதம் மாதிரி மெலிதானவை. தகடு ஓடும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். குறுக்கே வேகமாக அடித்தால் தகடுகள் மடிந்து படுத்துவிடும். காற்று போகிற வழி அடைபட்டுவிடும். சிலர் சீக்கிரம் வெளுக்க வேண்டும் என்று ஆசிட் கலந்த மருந்தை அடிக்கிறார்கள். மிஷின் அன்றைக்குப் பளபளக்கும். ஆனால் அலுமினியம் அரிக்கும். என்ன மருந்து என்று கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.

பலரும் விட்டுவிடுகிற இடம் புளோயர். உள்ளே நீள உருளையாகச் சுற்றுகிறதே, அதுதான். அதன் ஒவ்வொரு இறக்கையின் பள்ளத்திலும் தூசி அடைந்து போயிருக்கும். காயிலை மட்டும் கழுவிவிட்டு இதை விட்டால் காற்று பழையபடி மந்தமாகத்தான் வரும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு துணியை நனைத்து முன்பக்கத்தைத் துடைத்து, ஃபில்டரைத் தட்டி மாட்டிவிட்டு "சர்வீஸ் முடிஞ்சுதுங்க அக்கா" என்று கிளம்புகிறவரும் இருக்கிறார். அதற்குப் பெயர் சர்வீஸ் அல்ல. முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு குளித்துவிட்டேன் என்று சொல்வது அது!

வெளியே இருக்கும் மிஷினை அதே கவனத்தோடு கழுவ வேண்டும். மொட்டை மாடிப் புழுதி, புறாக் கூடு, மரத்து இலை எல்லாம் அதில்தான். சூட்டைக் கொட்ட வேண்டிய இடம் அடைத்துக்கொண்டால் கேஸ் சூட்டோடு திரும்பி வரும். கம்ப்ரஸர் இன்னும் கஷ்டப்பட்டு ஓடும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவதால் இது உடனே தெரிவதில்லை. யூனிட் ஏற ஏற ரேட்டும் படியேறும் என்பதால், தெரியும்போது தூக்கிவாரிப் போடும்.

வெளி மிஷினின் போர்டுக்குள் பல்லி புகுந்து, இரண்டு கம்பிக்கு நடுவே செத்துக் கிடந்து மிஷினையே நிறுத்திவிடுவதும் நம்மூரில் சகஜம். கழுவும்போது மூடியைத் திறந்து அதையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லலாம்.

ஒரு டன் என்றால் என்ன?

ஏ.சி.யை "ஒரு டன்", "ஒன்றரை டன்" என்கிறார்களே, மிஷினின் எடையா அது? இல்லை. அது ஐஸ் கணக்கு.

மெரினாவுக்கு எதிரே விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டிடத்தை இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ் என்றுதானே பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறார்கள்? 1842-ல் அமெரிக்க வியாபாரி ஃபிரெடரிக் டூடர், அமெரிக்க ஏரிகளில் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்த ஐஸ் பாளங்களைச் சேர்த்து வைக்கக் கட்டியது அது. அந்தக் காலத்தில் குளிர் என்றால் ஐஸ்தான். மிஷின் வந்த பிறகும் கணக்கு மாறவில்லை. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு சூட்டை வெளியேற்றும் மிஷினுக்கு ஒரு டன் என்று பெயர்.

ஆக, படுக்கை அறையில் தொங்கும் ஒன்றரை டன் மிஷின் நாள் முழுதும் ஓடினால் சுமார் 1,360 கிலோ ஐஸ் செய்கிற வேலையைச் செய்ய வேண்டும். அதன் மூக்கை அழுக்கால் அடைத்துவிட்டு ஓடு ஓடு என்றால் எப்படி ஓடும்?

கீழ் வீட்டுச் சண்டை

அடுக்குமாடி வீடுகளில் ஏ.சி.யால் வருகிற சண்டையில் பாதி, தண்ணீரால் வருவது. காற்றில் இருக்கும் ஈரம் காயிலில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டும். சென்னை கடலோர ஊர். ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு ராத்திரி ஓடினால் பக்கெட் கணக்கில் தண்ணீர் வரும். அது ஒரு சின்னத் தட்டில் விழுந்து, மெல்லிய பைப் வழியாக வெளியே போக வேண்டும்.

அந்தப் பைப்பில் பாசி மாதிரி ஒரு கொழகொழப்பு வளரும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் திரும்பி, சுவரோடு வழிந்து, கட்டில் மேலேயே சொட்டும். "மிஷின் போச்சு" என்று அலற வேண்டியதில்லை. பைப்பை ஊதி அடைப்பை எடுத்தால் தீர்ந்தது. கழுவி முடித்ததும் ஒரு சொம்பு தண்ணீரைத் தட்டில் ஊற்றி, வெளியே சரியாக வருகிறதா என்று மெக்கானிக் காட்ட வேண்டும். நல்லவர்கள் கேட்காமலே காட்டுவார்கள்.

வெளியே விடும் பைப்பின் நுனி கீழ் வீட்டுக்காரர் துணி காயப்போடும் கம்பிக்கு நேராகத் தொங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்னப் பைப் வாங்கி நீட்டிவிட்டால் பல வருடத்துச் சிநேகம் பிழைக்கும்.

சன்ஷேடில் நிற்கும் உயிர்

இதுவரை பணத்தைப் பற்றிய பேச்சு. இனி உயிரைப் பற்றியது.

அடுக்குமாடிகளில் வெளி மிஷினை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, இரண்டு இரும்புக் கோண ஸ்டாண்டின் மேல், அந்தரத்தில். பால்கனியிலிருந்து கை எட்டாது. ஜன்னல் கம்பி வழியாகக் கை நுழையாது. கட்டியவர்கள் மிஷினுக்கு இடம் யோசித்தார்கள். அதைக் கழுவ வருகிற மனிதன் எங்கே நிற்பான் என்று யோசிக்கவில்லை.

அவர் என்ன செய்கிறார்? பாத்ரூம் ஜன்னல் வழியாக உடம்பைச் சுருக்கி வெளியே வந்து, ஒன்றரை அடி அகலமுள்ள சன்ஷேடில் கால் வைக்கிறார். செருப்பைக் கழற்றிவிடுகிறார். ஒரு கையில் தண்ணீர்த் துப்பாக்கி. இன்னொரு கை சுவரையோ, பைப்பையோ பிடித்திருக்கிறது. கழுவக் கழுவக் காலடியில் ஈரம். சன்ஷேடில் பாசி. கீழே சிமெண்ட் தரை. இடுப்பில் பெல்ட் கிடையாது.

"பழக்கம்தான் சார், ஒண்ணும் ஆகாது" என்பார். வழுக்குகிற நொடியில் பழக்கம் என்ன செய்யும்?

கடலோரத்தில் இருக்கும் திருவான்மியூர், பெசன்ட் நகர், சாந்தோம், ராயபுரம் பக்கம் ஆபத்து இன்னும் அதிகம். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடுகிறது. ஸ்டாண்டு பெயின்டுக்கு உள்ளேயே இற்றுப் போயிருக்கும். அதன் மேல் சுமார் 30 கிலோ மிஷின். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் சாய்ந்தால் என்ன ஆகும்? மிஷினே தெருவில் போகிறவர் தலையில் விழலாம். பெல்ட் மாட்டுகிறேன் என்று அந்த ஸ்டாண்டிலேயே கொக்கியை மாட்டுவதும் பிரயோஜனமில்லை. கட்டிடத்தின் உறுதியான பாகத்தில் கயிறு கட்டி, அதில் மாட்ட வேண்டும்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது என்ன? வெளியே இறங்குவதற்கு முன் "பெல்ட் இருக்காப்பா?" என்று கேட்கலாம். இல்லை என்றால் "வெளி மிஷினை இன்னொரு நாள் பெல்ட்டோட வந்து கழுவு தம்பி, அவசரமில்லை" என்று சொல்லலாம். மழை நாளில் இறக்கவே கூடாது. தனியாள் வேலையாக விடாமல், உதவிக்கு ஓர் ஆளோடு வரச் சொல்லலாம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள், மிஷினைக் கை எட்டும் இடத்தில் மாட்டச் சொல்லலாம். இதற்காகக் கூலியில் நூறு, இருநூறு கூடினால் குடியா மூழ்கிவிடும்?

வெடிக்கிற ஆபத்து

விழுகிற ஆபத்து கண்ணுக்குத் தெரியும். வெடிக்கிற ஆபத்து தெரியாது.

ஓட்டை கண்டுபிடிக்கக் குழாய்க்குள் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். அதற்கு நைட்ரஜன் சிலிண்டர்தான் வேண்டும். வெல்டிங் வைக்கக் கொண்டுவந்த ஆக்சிஜன் கையோடு இருக்கிறதே என்று அதை ஏற்றினால் போச்சு! கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் குண்டு மாதிரி வெடிக்கும். வீடு மாற்றும்போது கேஸை வெளி மிஷினுக்குள் இழுத்துப் பூட்டுகிற வேலையிலும் இதே அபாயம் உண்டு. ஒரு மூட்டு கழன்றிருக்க, கம்ப்ரஸரை ஓடவிட்டால் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். காற்று, எண்ணெய், அழுத்தம், சூடு - நாலும் ஒரே டப்பாவுக்குள்! வாடகை வீடு மாறுகிறவர்கள் "நம்ம எலெக்ட்ரீஷியனே கழட்டிடுவார்" என்று விடக்கூடாத வேலை இது.

கேஸும் மாறிவிட்டது. பழைய மிஷின்களில் இருந்த ஆர்-22 தீப்பிடிக்காது. ஆனால் ஓசோன் படலத்துக்கு ஆகாது என்று 1987-ல் மாண்ட்ரியலில் போட்ட ஒப்பந்தத்தின் வழியில் உலகமே அதைக் கைவிடத் தொடங்கியது. அதற்குப் பின் பரவிய ஆர்-32 ஓசோனைத் தொடாது, ஆனால் லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. ஆர்-290 என்பது புரொப்பேன்; சமையல் கேஸின் அண்ணன் தம்பி முறை! இப்படிப்பட்ட மிஷினைக் கதவைச் சாத்திய அறையில் வைத்து, உள்ளே கேஸ் இருக்கும்போதே வெல்டிங் தீயைக் காட்டுவதும், பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைப்பதும் வினையை விலைக்கு வாங்குவதுதான். எந்த மிஷினில் எந்த கேஸ் என்று அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரிலேயே எழுதியிருக்கும். எத்தனை கிராம் என்பதும் அதிலேயே இருக்கும்.

நிஜமாகவே போயிருந்தால்?

சில சமயம் கேஸ் உண்மையாகவே போயிருக்கும். அதற்குத் தடயம் உண்டு. கேஸ் கசிகிற இடத்தில் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து கசியும். குழாய் நட்டு மாட்டிய இடத்தில் எண்ணெய்க் கறை, அதன் மேல் தூசி படிந்திருக்கும். சோப்பு நுரையைத் தடவினால் குமிழ் கிளம்பும். அந்தக் குமிழை வீட்டுக்காரருக்குக் காட்டிவிட்டு, "இதோ பாருங்க சார், இங்கதான் லீக்" என்று சொல்கிறவர் நம்பத் தகுந்தவர்.

உள் காயிலின் செம்பிலேயே ஓட்டை விழுவதும் உண்டு. எறும்புப் புற்று மாதிரி கண்ணுக்குத் தெரியாத துளைகள். வீட்டில் புழங்கும் பசை, பெயின்ட், சுத்தம் செய்யும் மருந்து வகைகளின் ஆவி ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிச் செம்பை இப்படித் துளைக்கும். இது வந்துவிட்டால் கேஸ் அடைத்து அடைத்துப் பார்ப்பது வீண். காயிலையே மாற்ற வேண்டும்.

ஓட்டையை அடைத்த பிறகு வேக்கம் பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கு நேரமாகும். பிறகு கேஸைத் தராசில் வைத்து, ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி அடைக்க வேண்டும். தராசு இல்லாமல் கேஜை மட்டும் பார்த்து அடைப்பது, சமையலில் உப்பைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற மாதிரி. எந்த கேஸ், எத்தனை கிராம், எங்கே ஓட்டை - இந்த மூன்றையும் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டால், மூன்று மாதத்தில் திரும்பக் குளிர் போனால் பேசுவதற்கு வாய் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் மிஷினைப் போட்டுக் கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். உள்ளே இழுக்கிற காற்றுக்கும் வாய் வழியாக வருகிற காற்றுக்கும் சுமார் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மிஷின் ஆரோக்கியமாக இருக்கிறது என்று கொள்ளலாம். புழுக்கம் மிகுந்த நாளில் இது கொஞ்சம் குறையலாம். அளந்து பார்க்கச் சின்னத் தெர்மாமீட்டர் போதும். அந்தக் கால் மணி நேரம் மெக்கானிக் உட்கார்ந்திருக்க வேண்டும். மே மாதத்தில் எந்த மெக்கானிக் உட்காருவார்?

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கத்திரி வரை காத்திருப்பதில்லை. பிப்ரவரியிலேயே போன் போட்டுவிடுகிறார்கள். அப்போது மெக்கானிக்குக்கும் நேரம் இருக்கிறது. பை கட்டுகிறார். புளோயரைக் கழுவுகிறார். தட்டில் சொம்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறார். வீட்டம்மா கொடுத்த டீயைக் குடித்தபடி மிஷின் குளிரும்வரை காத்திருக்கிறார். கேஜ் பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை. கறுப்புத் தண்ணீரைப் பாத்ரூமில் கொட்டி, பக்கெட்டை அலசி வைத்துவிட்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குக் கிளம்புகிறார்.